28ஆம் தேதி யாருமே வேலைக்கு வரவில்லை

எங்கள் கோலார் தங்கவயலில் தேதியை எண்ணால் சொல்லும் வழக்கம் அதிகம் கிடையாது. "உங்க மாமா எப்ப மைன்ஸ்ல சேர்ந்தாரு?" என்று கேட்டுப் பாருங்கள். "சாம்பியன்ல பெரிய ராக் பர்ஸ்ட் ஆச்சே, அதுக்கு அடுத்த தீபாவளி" என்பார்கள். சாம்பியன் ஒரு சுரங்கம், ராக் பர்ஸ்ட் என்றால் உள்ளே பாறை வெடித்துச் சிதறுவது; கேட்டவருக்கும் புரிந்துவிடும். கம்ப்யூட்டர் ஒன்றுக்குத்தான் புரியாது. அதற்குத் தீபாவளியும் தெரியாது, ராக் பர்ஸ்ட்டும் தெரியாது.

ராபர்ட்சன்பேட்டைப் பெரியவர்கள் சிலர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் பழைய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குற? இதெல்லாம் உள்ள ஏத்திக் குடு." வாரம் முழுக்க மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கும் வீட்டுக்குமாக அலைகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது சும்மா இருக்கலாம் என்று தோன்றாதா? தோன்றியது. ஆனால் வந்தவர்களில் பெரியப்பாவும் இருந்தார்.

உதவிக்குக் கல்லூரிப் பையன் ஒருவனைப் பிடித்தேன். மளமளவென்று தட்டினான். தகவலைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரோ அமெரிக்க வழக்கத்தில் இருந்தது. அதற்கு மாதம் முதலில், நாள் பிறகு. நம் குமாஸ்தாக்கள் 5/6/1978 என்று எழுதிய ஜூன் 5, உள்ளே போனதும் மே 6 ஆகிவிட்டது. 12ஆம் தேதி வரைக்கும் சர்வர் வாயே திறக்கவில்லை. 13 வந்ததும், பதிமூன்றாவது மாதம் எங்கே இருக்கிறது என்று கத்த ஆரம்பித்தது. இங்கிருந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் 13 ராசியில்லாத எண் என்று பயந்தார்களாம். தேதி விஷயத்தில் உண்மை பேசுகிற முதல் எண்ணே அதுதான்.

வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியதற்கு வேறு தண்டனை. 50 முதல் 99 வரை போன நூற்றாண்டு, 49 வரை இந்த நூற்றாண்டு என்பது அந்த சர்வரின் ஏற்பாடு. பெரியப்பா '49இல் பிறந்தவர். ஆகவே 2049இல் பிறக்கப் போகிறார். பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனி உருவான 1972இல் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். பிறப்பதற்கு 77 ஆண்டு முன்பே வேலை கிடைத்த ஒரே ஆள்!

"வேற டேட்டாபேஸுக்கு மாத்திடலாம் அண்ணா" என்றான் பையன். மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப் என்ற வகையை எடுத்தான். அதன் உலகம் 1970 ஜனவரி 1இல் தொடங்கி, 2038 ஜனவரி 19இல் முடிந்துவிடும். தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்தது, சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் கரண்ட் வந்தது, மைசூர் அரசு 1956இல் சுரங்கத்தை எடுத்துக்கொண்டது, இதில் எதுவுமே நடக்கவில்லை என்றது அது. பழையபடி எஸ்க்யூஎல் சர்வருக்கே திரும்பினோம்.

அடுத்தது வருகைப் பதிவு. ரிப்போர்ட்டைப் பார்த்த பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிப்ரவரியில் வந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு மணி 2 நிமிஷத்துக்கு வந்திருந்தார்கள். மார்ச்சில் 3 நிமிஷம், டிசம்பரில் 12 நிமிஷம். மாதம் ஏற ஏற ஊரே தாமதமாகிறது; ஜனவரி பிறந்ததும் எல்லோரும் திருந்திவிடுகிறார்கள். விஷயம் வேறொன்றுமில்லை. நேரத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும்போது பெரிய எழுத்தில் எம்எம் போட்டால் மாதம், சின்ன எழுத்தில் போட்டால்தான் நிமிஷம். ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸில் எழுத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பயனில்லை. அங்கே நிமிஷத்துக்கு எம்ஐ. மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ஐ. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பெயர்!

இது போதாதென்று, கிளவுடில் இருந்த எங்கள் சர்வர் கிரீன்விச் கணக்கில் ஓடியது. அந்தக் கணக்கில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஐந்தரை. துரைமார்கள் போயும், தங்கவயலுக்கு எப்போது நாள் மாற வேண்டும் என்பதை லண்டன்தான் முடிவு செய்கிறது என்று எனக்கு எரிச்சல். பெரியப்பாவுக்கு அது பிடித்துப்போனது. "நைட் ஷிப்ட்டுக்கு இறங்குனவனுக்குப் பன்னெண்டு மணிக்கு எங்கடா நாள் மாறும்? மேல ஏறி வந்து வெளிச்சத்தப் பாத்தாதான் மறுநாள்." பஞ்சாங்கமும் அதையேதான் சொல்கிறது: சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். அதற்காக விட்டுவிட முடியுமா? ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி இந்திய நேரமாக்கினோம். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மட்டுமே உள்ளே விடுவது, அலங்காரமெல்லாம் அச்சடிக்கும்போதுதான் என்று சட்டமும் போட்டேன்.

கடைசியாக, சுரங்கத்தை மூடிய மாதம். 2001 பிப்ரவரி 1க்கும் 28க்கும் இடையில் வேலைக்கு வந்தவர்கள் யார் யார் என்று பையன் க்வெரி போட்டான். 27 வரைக்கும் பெயர்கள் வந்தன. மூடிய நாளான 28இல் ஒருத்தர்கூட இல்லை.

"நான் போனேனே!" என்றார் பெரியப்பா.

அவர் போயிருந்தார். சர்வருக்கு வெறும் 28 என்றால் 28 பிறந்த நள்ளிரவு மட்டும்தான். அதற்கு ஒரு நொடி கழித்து வந்தவனும் கணக்கில் இல்லை. "மார்ச் 1க்கு முன்னால வரைக்கும்னு கேக்கணும் பெரியப்பா. அப்பதான் 28 முழுசா வரும்" என்றேன்.

"அதாவது, மைன்ஸ மூடுன மறுநாளும் போய்க் கேட்டாதான் கடைசி நாள் கணக்கு வரும்?"

"ஆமாம்."

"இது தெரிஞ்சுக்கக் கம்ப்யூட்டர் எதுக்குடா? மைன்ஸ் குடுக்கவேண்டிய பாக்கிப் பணத்துக்கு நாங்க இன்னி வரைக்கும் போய்க் கேட்டுக்கினுதானே இருக்கோம்!"