வண்டிக்கு மூக்கு மாத்தற பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி. பானெட்டு தூக்கியாச்சு, கையில க்ளவுஸ் மாட்டியாச்சு, செல்போனைச் சாத்தி வெச்சு வீடியோவும் ஓட விட்டாச்சு. அதுல பேசறவன் எந்த ஊரு? பின்னால பனி கொட்டுது, கம்பளிக் குல்லா போட்டுகினு நிக்கிறான். நீ செம்பாக்கத்துல காலைல எட்டு மணிக்கே முதுகு நனைய நிக்கிற. ரெண்டு பேருக்கும் ஒரே குழாய் போதும்ன்ற. படிச்சவன் சொல்ற, நான் இன்னாத்த கண்டேன்.

பெருச்சாளி கடிச்ச எடத்தைக் காட்டு. அடேங்கப்பா, வக்கணையாத்தான் கடிச்சிருக்குது. இங்க நாங்க நாத்து நட்டுகினு இருந்தப்ப அது எங்க வரப்புல வளை வெச்சுகினு இருந்துச்சு. வயலெல்லாம் பிளாட்டு போட்டு வித்தாச்சு. எங்களுக்காவது பணம் வந்துச்சு, அதுக்கு மாத்து எடம் யாரு குடுத்தா? ராத்திரியில உன் இன்ஜின் சூட்டுல வந்து படுத்துக்குது. பொகையிலை வெச்சா வராதுன்னு எவனோ சொன்னான்னு என் பொட்டலத்தையே தூக்கிகினு போய் உள்ள கட்டி வெச்சியே! குழாயும் போச்சு, பொகையிலையும் போச்சு. என் நஷ்டத்தை இந்த வீட்டுல யாரும் கேக்கல.

சரி, அந்த அட்டைப் பொட்டியில இன்னா? புதுக் குழாயா? அலுமினியமா! மொகம் பார்த்து சவரம் பண்ணிக்கலாம். செவப்புக் கலர்ல கூம்பு ஃபில்டர் வேற. எலி கடிச்சது ஒரு ஜாண். நீ மாத்தப் போறது மொத்தமும். சளி புடிச்சவனுக்கு மூக்கை அறுத்துட்டு வேற மூக்கு வெக்கிற வைத்தியம். எவ்ளோ ஆச்சுன்னு நான் கேக்கல. உங்கம்மா கேப்பா.

கோவிச்சுக்காத. உன் வண்டி எங்க பொறந்துச்சு தெரியுமில்ல? ஜிஎஸ்டி ரோட்டைப் புடிச்சு நேரா போனா மறைமலை நகர். 2013-ல எக்கோஸ்போர்ட்டுன்னு அங்கதான் செஞ்சு விட்டான் ஃபோர்டுகாரன். 2022-ல கடையைக் கட்டற வரைக்கும் செஞ்சான். நீளம் 3,999 மில்லிமீட்டர். நாலு மீட்டருக்குள்ள இருந்து, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ள இருந்தா வரி கம்மின்னு கவர்மெண்டு சொல்லிச்சு. அவன் ஒரே ஒரு மில்லிமீட்டரைக் கொறைச்சுகினு வந்து நின்னான். இன்ஜினு 999 சிசி, மூணே சிலிண்டர். அதுல டர்போ மாட்டி 125 குதிரை சக்தி எடுத்தான். இவ்ளோ கணக்குப் பார்த்தவன், காத்து இழுக்கற வாயை எங்க வெக்கணும்ன்றதை மட்டும் ஏதோ அவசரத்துல கோட்டை விட்டுட்டான். அதைச் சரி பண்ணத்தான் ஒருத்தன் பளபளன்னு குழாய் விக்கிறான், நீ வாங்கற. அப்படித்தானே?

டர்போன்னா இன்னான்னு நீதான் எனக்குப் படிச்சுக் காட்டின. ஆல்ஃபிரட் பூஹின்னு ஒரு சுவிஸ் இன்ஜினியரு 1905-லயே அதுக்குப் பேட்டண்ட் வாங்கினான்னு. சைலன்சர் பக்கமா வீணாப் போற புகையை ஒரு சக்கரத்து மேல அடிச்சுச் சுத்த விடறது, அதே தண்டோட மறுமுனையில இருக்கற சக்கரம் வெளிக் காத்தை இழுத்து இன்ஜினுக்குள்ள அமுக்கறது. நான் லாரி ஓட்டினப்ப நெத்தியில டர்போன்னு எழுதிகினு வர்றவனைப் பார்த்தா திருச்சி ரோட்டுல ஒதுங்கி வழி விடுவோம். உன்னுது சின்னது, ஆனா முழு வேகத்துல நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது. அந்த வேகத்துல மணல் பொடி பட்டா சக்கரத்தோட எலை இன்னா ஆவும்னு பாரு. பெருச்சாளி கடிச்சது ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல இருக்கற குழாய். அது உறிஞ்சற குழாய். ஓட்டை விழுந்தா காத்து வெளிய வராது, ஃபில்டரைப் பார்க்காத காத்து உள்ள போவும். வேளச்சேரி மெயின் ரோட்டுல லாரி கெளப்பற புழுதி மொத்தமும் நேரா டர்போவுக்குத்தான். அதனால குழாயை மாத்தணும்ன்றதுல எனக்குச் சண்டையே இல்ல. இன்சுலேஷன் டேப்பு சுத்திகினு ஓட்டலாம்னு நெனைக்காத, அந்த டேப்பு பிஞ்சா அதுவும் உள்ளதான் போவும்.

கூம்பு ஃபில்டர் விஷயத்துக்கு வா. அதை பானெட்டுக்குள்ள தொறந்தாப்ல வெச்சா எந்தக் காத்தை இழுக்கும்? கத்திரி வெயில்ல வெளியவே 40 டிகிரி. உள்ள ரேடியேட்டர் சூடு, டர்போ சூடு எல்லாம் சேர்ந்த காத்து. சூடான காத்து லேசு, அதுல இன்ஜினுக்கு வேண்டியது கம்மி. கம்பெனிக்காரன் பொட்டி போட்டு மூடி, முன்பக்கத்துக் காத்தை எடுக்க வெச்சது அழகுக்கு இல்ல. அப்பால, எவ்ளோ அழுத்தம் வேணும்னு முடிவு பண்றது உள்ள இருக்கற கம்ப்யூட்டரு. நீ குழாயை மட்டும் அகலமாக்கிட்டா அது தாராளமா இன்னும் நாலு குதிரை அவுத்து விட்டுடாது. சத்தம்தான் கூடும். புஸ்ஸு சத்தம் வேணும்னா தாம்பரம் பஸ் ஸ்டாண்டுல போய் நில்லுப்பா, ஏர் பிரேக்கு வண்டிங்க நாள் பூரா ஓசியிலயே போடுது.

இது இன்னாது, இன்னொரு நீளக் குழாய்? வாயை பம்பருக்கு அடியில எறக்கறதா? கீழ குளிர்ந்த காத்து கெடைக்கும்ன்றியா? ஐப்பசியில குளிர்ந்த தண்ணியே கெடைக்கும். உனக்கு இந்த ஊரு தெரியாது, நீ வந்ததே ஃபிளாட்டு கட்டின அப்பாலதான். சேலையூர் ஏரி நெறைஞ்சா ராஜகீழ்ப்பாக்கம், அது நெறைஞ்சா செம்பாக்கம் ஏரி, அப்பால நன்மங்கலம், அங்கேர்ந்து பள்ளிக்கரணை சதுப்பு. தண்ணிக்கு அது போற வழி மனப்பாடம். நம்ம ஊரு நகராட்சியா இருந்துச்சு, 2021-ல தாம்பரம் மாநகராட்சிக்குள்ள போச்சு. போர்டை மாத்தினதை தண்ணிக்கு யாரும் சொல்லல போலிருக்குது, பழைய வழியிலயேதான் வருது. 2015 டிசம்பர்ல வந்துச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலோட வந்துச்சு.

உன் வண்டி 550 மில்லிமீட்டர் தண்ணியில போவும்னு கம்பெனி விளம்பரமே பண்ணுச்சு. வாய் மேல இருக்கறதாலதான் அந்தப் பேச்சு. நீ அதை ரோட்டுலேர்ந்து ஒரு முழத்துக்குக் கீழ எறக்கிட்டா அந்த 550 உன்னுது இல்ல. காத்தை அமுக்கினா அமுங்கும், தண்ணி அமுங்காது. பிஸ்டன் மேல வரும், நடுவுல தண்ணி நிக்கும், கனெக்டிங் ராடு வளையும். மெக்கானிக்கு இன்ஜினைப் பிரிச்சு வெச்சுட்டு உன்னைப் பார்க்கற பார்வையிலயே பில்லு தெரிஞ்சுடும். இன்ஜினுக்குன்னு தனியாப் பணம் கட்டி எழுதி வாங்கலைன்னா இன்சூரன்ஸ்காரனும் பெரும்பாலும் கையை விரிப்பான். தண்ணியில வண்டி நின்னுடுச்சுன்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கறான் பாரு, அவனுக்குத்தான் இன்னும் அழகா வளையும்.

ஆக, இந்த அலுமினியம் வேணாம், கம்பெனிக் குழாயே வாங்கு. பழைய குழாயைக் கழட்டி எடுத்துகினு நாளைக்குப் போ. ஜிபி ரோட்டுல கேளு, கெடைக்கலைன்னா எழும்பூர்ல எறங்கி நடந்தா புதுப்பேட்டை. கையில சாம்பிள் இருக்கணும். வாயால பேரைச் சொன்னா வேற வண்டிக் குழாயைக் குடுத்து, இழுத்துப் புடிச்சா வந்துடும் சார்னு அனுப்பி வெப்பான். பழசு வாங்கினா மடக்கிப் பாரு, மடக்கற எடத்துல வெடிப்பு தெரிஞ்சா வேணாம்.

கழட்டறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. இன்ஜின் நல்லா ஆறி இருக்கணும். பேட்டரியில மைனஸைக் கழட்டு. கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோ, அந்த செல்லுக்கு அது ஒண்ணாவது உருப்படியான வேலை. சென்சார் பிளக்கை ஒயரைப் புடிச்சு இழுக்காத, பூட்டை அமுக்கி எடு; சூட்டுல வெந்த பிளாஸ்டிக், நோண்டினா ஒடையும். பக்கத்துல சின்னதா ஒரு ப்ரீதர் குழாய் வந்து சேரும், அதையும் எடு. உள்ள லேசா ஆயில் பசை இருந்தா டர்போ போச்சுன்னு கத்தாத, இன்ஜின் விடற ஆயில் ஆவி அந்த வழியாத்தான் வரும். லேசா இருந்தா ஒண்ணும் இல்ல.

குழாய் வந்த உடனே டர்போ வாயைப் பொளந்துகினு நிக்கும். வேலைன்னா அந்த நேரம்தான் வேலை, மத்ததெல்லாம் ஸ்க்ரூ திருகறது. ஒரு வாஷர் விழுந்தா போதும், கிளாம்பு துண்டு விழுந்தா போதும். பெருச்சாளி கடிச்ச துணுக்கு ஏதாவது உள்ள போயிருக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாரு. சக்கரத்தை ரெண்டு விரலால மெதுவா சுத்திப் பாரு, வழுக்கிகினு சுத்தணும், உறையில ஒரசக் கூடாது. அப்பால வாயை அடை. பனியன் வேஸ்ட்டு வேணாம், நூல் நூலாப் பிரியும். என் பழைய வேட்டியில ஒரு துண்டு தரேன். முழுசா உள்ள திணிக்காத, வாலு வெளிய ஒரு முழம் தொங்கணும்.

அப்பறம் வண்டிச் சாவியை இப்படிக் குடு. ரெண்டு சாவியையும். அந்த வேட்டித் துண்டு வெளிய வந்து என் தோள்ல விழுந்த அப்பால தரேன். உன் மேல நம்பிக்கை இருக்குது. அந்த வீடியோக்காரன் மேலதான் இல்ல.

மாட்டும்போது ஓ-ரிங்குல ஒரு சொட்டு ஆயில் தடவு, மடங்காம உட்காரும். கிளாம்பை முறுக்கறதுல உன் ஜிம்மு பலத்தைக் காட்டாத, ரப்பரை அறுத்துடும். ஸ்டார்ட் பண்ணிக் காதைக் கிட்ட வெச்சுக் கேளு, விசில் வந்தா எங்கயோ சரியா உட்காரல. லைட்டு எரிஞ்சு ஸ்கேனர்ல பி0171-ன்னு வந்தா காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். பி0299 வந்தா டர்போ அழுத்தம் பத்தல, டர்போவுக்கு அந்தப் பக்கத்துக் குழாயையும் எலி ருசி பார்த்திருக்கும். ஒரு ஓட்டம் ஓட்டி ஆறின அப்பால கிளாம்பை இன்னொரு தடவ தொட்டுப் பாரு.

அந்த ஓட்டத்துக்கு வெளிச்சுத்துச் சாலையில போய் எகிறணும்னு நெனைக்கிறியா? முதல் ஓட்டம் மெதுவாத்தான் போவணும். செவ்வாக்கிழமை பிரதோஷம். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் வரைக்கும் போயிட்டு வந்தா சரியான தூரம். சாயங்காலம் நாலு மணிக்கு வாசல்லயே நிக்கிறேன், முன் சீட்டைக் காலியா வை.