யார் ராஜா பெரியவர்?

கேள்வி: 1453-லேயே கவிழ்ந்துபோன பைசாந்தியப் பேரரசைப் பற்றி ஆவடிக்காரன் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?
– ஒரு வாசகர், ஆவடி

பதில்: காசு விஷயமாயிற்றே, ஐயா! 6-ம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா காஸ்மாஸ் எழுதிவைத்த கதை இது. இலங்கை அரசவையில், 'எங்கள் ராஜாதான் பெரியவர்' என்று ஒரு பாரசீகர் அளந்துகொண்டே போனார். பைசாந்தியப் பேரரசின் குடிமகனான சோபாத்ரோஸ் வாயே திறக்கவில்லை. மன்னர் கேட்டதும், "இரண்டு ராஜாக்களும் இங்கேயே இருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று இருவர் நாட்டு நாணயங்களையும் பார்க்கச் சொன்னார். பாரசீகக் காசு வெள்ளி, இவருடையது பசும்பொன். சோபாத்ரோஸுக்கு மேளதாளத்தோடு யானைச் சவாரி! அந்தப் பேரரசின் பொற்காசுகள் தென்னிந்திய மண்ணிலும் கிடைத்திருக்கின்றன. அம்பத்தூரில் மனை வாங்கப் போகிறவர்களுக்கும் இதுதான் யோசனை: பெருமை பேசாதீர்கள், முன்பணத்தை எடுத்துக் காட்டுங்கள். யானை வராது; காபியாவது வரும்.