ஸ்லைடு ஐயா

வட்டாரத்துக்கு ஒரு ஸ்லைடு ஐயா உண்டு. புரொஜக்டர் ஒயரை எந்த ஓட்டையில் செருக வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் என்பதால் கருத்தாளர் ஆனவர். கருத்துகளைப் பிறகுதான் தேட ஆரம்பித்தார். மேல்மலையனூர்ப் பக்கம் இருக்கிற ஸ்லைடு ஐயா தமிழாசிரியர். விடைத்தாளில் ஓர் ஒற்று விட்டுப்போனால் அரை மதிப்பெண் குறைப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால்கூடக் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும்.

விழுப்புரத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அவருக்கு வந்த தலைப்பு ‘இலக்கிய வகைமைகளையும் காட்சி வகைமைகளையும் கற்பித்தல்’. நேரம் நாற்பது நிமிடம். ஐயா முதலில் செய்தது பின்னணிக்கு நிறம் பார்த்தது. கறுப்பு சிவப்பு வைத்தால் ஒரு கட்சி, பச்சை வைத்தால் இன்னொரு கட்சி. நீலம், மஞ்சள், காவி எதை வைத்தாலும் டீ இடைவேளையில் யாராவது தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போவார்கள். முன்னிரவு முழுக்க யோசித்துச் சாம்பல் நிறத்தில் வந்து நின்றார். அதற்கு இன்னும் யாரும் கட்சி தொடங்கவில்லை.

அடுத்தது சிற்றிலக்கியம். வகை 96 என்பது மரபு. வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியிலேயே அந்தப் பட்டியல் கிடைக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் அகராதியில் அடக்கமாக எழுதிவைத்த பெயர்களுக்கு ஐயா சிறகு முளைக்க வைத்தார். தூது இடப்பக்கமிருந்து பறந்து வரும். உலா கீழே ஊர்ந்து வரும். பரணி வெடித்துக்கொண்டு வரும். அந்தாதி, போய் மறைந்த இடத்திலிருந்தே மறுபடி கிளம்பி வரும். நக்கலாகச் சொல்லவில்லை, அந்த ஒன்று நிஜமாகவே நல்ல பாடம்.

“பேருக்கு மூணு செகண்டுன்னாலே அஞ்சு நிமிஷம் போயிடும் சார்,” என்றார் கணக்கு ஆசிரியர்.

“இலக்கியத்துல போய் செகண்டு பாக்கறீங்களே சார்!”

பவர்பாயின்ட் 1987-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் அதை 1.4 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வியாபாரக் கூட்டங்களில் சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்காரட்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். கடல் தாண்டி வரும்போது அந்தச் ‘சுருக்கமாக’ மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது.

படம் தேடுகிற படலம் அமாவாசை அன்று நடந்தது. மேல்மலையனூரில் அமாவாசை என்றால் அங்காளம்மனுக்கு இரவில் ஊஞ்சல் உற்சவம். எந்த ஊரிலிருந்தெல்லாமோ பஸ் வரும். தெருவில் கால் வைக்க இடமிருக்காது. போனில் சிக்னல் இருக்காது. ஒரு படம் பாதி இறங்குவதற்குள் ஐயா ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் இறக்கிக்கொண்டிருந்தது ‘ஊசல்’ என்ற சிற்றிலக்கியத்துக்கான படம். ஊஞ்சலில் ஆடுகிறவரை வாழ்த்திப் பாடுவது ஊசல்.

“ஏங்க, அம்மன ஊஞ்சல்ல வச்சிட்டாங்க. தாலாட்டு பாடறாங்க. வரீங்களா இல்லியா?” வாசலிலிருந்து வீட்டம்மா.

“ஊசலத்தான் எழுதிக்கினு இருக்கேன். அந்த ஜன்னல சாத்து, சத்தம் தாங்கல.”

ஜன்னலைச் சாத்தியபின் படம் இறங்கியது. பாலித் தீவில் தென்னைமரத்துக்கு நடுவே சிவப்பு கவுன் போட்ட வெள்ளைக்காரப் பெண் ஆடும் ஊஞ்சல். தரமான படம், குறை சொல்ல முடியாது.

பரணிக்கும் இதே கதிதான். போர்க்களம், காளி, பசித்த பேய்கள், கூழ் என்று பரணி இலக்கணத்தை ஒழுங்காக எழுதிவிட்டு, பக்கத்தில் ஏதோ ஓர் அயல்நாட்டுப் படத்திலிருந்து முடியை முகத்தில் விரித்த பேயை ஒட்டிவைத்தார். வகுப்பில் ஒத்திகை பார்த்தபோது ஒரு பையன் எழுந்தான். “ஐயா, இது நம்ம மயானக் கொள்ள மாதிரியே கீதுங்கய்யா.” மாசியில் சிவராத்திரியை ஒட்டி, காளி வேடம் கட்டி ஆடி, தானியமும் காய்கறியும் சமைத்த படையலும் மயானத்தில் குவித்துக் கொள்ளை விடுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற பையன். ஐயா அவனைக் கையமர்த்தினார். “கேள்வி நேரம் கடைசி ஸ்லைடுல இருக்குடா.”

காட்சி வகைமைக்கு வந்தபோது உண்மையிலேயே அசத்தினார். ஒரே கதை எழுத்திலும் காட்சியிலும் எப்படி மாறுகிறது என்று காட்டத் தேசிங்குராசனை எடுத்தார். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட செஞ்சியின் தேஜ்சிங், கதைப்பாடலில் தேசிங்குராசன் ஆனார். 1960-இல் ‘ராஜா தேசிங்கு’ படத்தில் எம்.ஜி.ஆர். ஆனார். பாட்டில் குதிரையைக் கேட்பவன் கற்பனை செய்துகொள்கிறான். படத்தில் அந்தக் குதிரையைக் காட்டியே தீர வேண்டும். இந்த வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் செஞ்சிக் கோட்டை என்று அவர் போட்ட படத்தில் ஓரமாக ஓர் ஒட்டகம் நின்றது. கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. 2025-இல் யுனெஸ்கோகூட வந்து உலகப் பாரம்பரியச் சின்னம் என்று எழுதிவிட்டுப் போயிற்று. ஐயாவுக்குத்தான் படம் எடுக்கப் போக நேரமில்லை, ஸ்லைடு வேலை.

தெருக்கூத்துக்கு ஒரு வரி கொடுத்திருந்தார், மீமுக்குக் கீழே. பள்ளிக்கூட வாட்ச்மேன் பாரதக் கூத்தில் வேஷம் கட்டுகிறவர். தலைப்புகள் சுழன்று சுழன்று வருவதைக் கதவோரம் நின்று ரசித்துவிட்டுச் சொன்னார்: “எங்க கூத்துல திரைக்குப் பின்னால நின்னு பாடி, ஆசை காட்டி, அப்பறம் தானுங்கய்யா மூஞ்ச காட்டுவோம். நீங்களும் அதத்தான் பண்றீங்க. ஆனா திரை வெலகினா வேஷக்காரன் இருக்கணும்ங்கய்யா.”

விழுப்புரத்தில் 96 பெயரும் பறந்து வந்து உட்கார்ந்து முடிந்தபோது டீ வந்துவிட்டது. சுழலும் ரோஜாவோடு ‘நன்றி’ மட்டும் கடைசியில் ஒழுங்காக வந்தது. எல்லாரும் பென்டிரைவை நீட்டினார்கள்.

அடுத்த ஆண்டு, மாவட்டத் தமிழாசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு வந்தது. ‘அரிய படைப்பு, அனைவரும் பயன்படுத்துக.’ திறந்தால் அதே சாம்பல் நிறம், பாலித் தீவு ஊஞ்சல், ஒட்டகம். தயாரித்தவர் என்ற இடத்தில் மட்டும் வேறு பெயர்.

“உங்களுதுன்னு போட்டு சொல்லுங்களேன். அத்தாட்சி இல்லியா?” என்றார் வீட்டம்மா.

இருந்தது. அசைக்க முடியாத அத்தாட்சி. அமாவாசை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அடித்த தலைப்பு, எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது: ‘கலிங்கத்து பரணி’. நடுவில் ஒரு ‘ப்’ இல்லை. சொன்னால் ஸ்லைடு அவருடையதாகும். ஒற்றுப்பிழையும் அவருடையதாகும், குழுவில் இருக்கிற அத்தனை தமிழாசிரியர் முன்னிலையில்.

ஐயா வெகுநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘மிகச் சிறப்பு ஐயா, வாழ்த்துகள்’ என்று அடித்து, ‘ச்’ விழுந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டு ஒருமுறை சரிபார்த்து, அனுப்பினார்.