குடை பிடிக்க வேண்டிய பீரங்கி

அமெரிக்க ராணுவத்துக்கு ஒருமுறை சிக்கனப் புத்தி வந்தது. ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்த ஓர் ஓடும் பீரங்கி வேண்டும். 1950-களின் எம்48 டாங்கி கிடங்கில் கிடக்கிறது. எஃப்-16 விமானத்துக்குச் செய்த ரேடார் இருக்கிறது. ஸ்வீடன்காரனின் 40 மி.மீ. போஃபர்ஸ் குழல் இரண்டு போதும். (போஃபர்ஸ் என்றதும் ஊழல் கதைக்குக் காதைத் தீட்டாதீர்கள், நம் கதை வேறு.) எல்லாவற்றையும் பொருத்தித் தருகிறோம் என்று 1981-ல் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் ஒப்பந்தத்தைத் தட்டிக்கொண்டு போனது.

வைத்த பெயர் சார்ஜென்ட் யார்க். 1918-ல் கூட்டாளிகள் சிலரோடு 132 ஜெர்மானியரைச் சிறைபிடித்த வீரர். நல்லவேளை, 1964-லேயே கண்ணை மூடிவிட்டார்.

1982-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகளை வரிசையாக உட்கார வைத்து வித்தை காட்டினார்கள். ஸ்விட்சைப் போட்டதும் குழல் இலக்கை விட்டுவிட்டு மேடைப் பக்கம் திரும்பியது. மார்பு நிறையப் பதக்கம் குத்தியவர்கள் தலையைக் கவிழ்த்துப் பதுங்கினார்கள். சரிசெய்து மறுபடி சுட்டால், குண்டு எதிரே இருந்த மண்ணைத் துளைத்தது. என்னய்யா இது என்றால், வண்டியைக் கழுவினோம், ஈரம் இறங்கிவிட்டது என்றது கம்பெனி. ஐரோப்பாவில் மழையே பெய்யாதா என்று கேட்டார் ஒரு பத்திரிகையாளர்.

அதற்குப் பிறகும் தயாரிப்பு நிற்கவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! குழலை நன்றாக உயர்த்தினால் அதுவே ரேடாரை மறைத்தது. இது காவல் காக்க வேண்டிய ஏப்ரம்ஸ் டாங்கியோ கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும். காவல்காரன் பின்னால் மூச்சிரைக்க வருவான். அந்த வண்டிக்குள் மூன்று சிப்பாய்கள் உட்கார வேண்டும். கையெழுத்துப் போட்ட எந்தப் பெரிய மனிதர் தன் மகனை அதில் ஏற்றியிருப்பார்?

பழைய டாங்கிமேல் பழியைப் போட்டுத் தப்பிக்காதீர்கள். ஜெர்மன்காரனும் லெப்பர்ட் 1 டாங்கியின் உடம்பில்தான் கெபார்டைக் கட்டினான். 1970-களின் சரக்கு, உக்ரைனில் ட்ரோன்களை விழுத்தாட்டியது. அவன் வேலையைச் செய்தான், இவர்கள் பில்லைப் போட்டார்கள்.

1985 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் வைன்பெர்கர் திட்டத்தை ஊற்றி மூடினார். அதற்குள் சுமார் 180 கோடி டாலர் போயிருந்தது. வந்து சேர்ந்தவை ஏறக்குறைய 50 வண்டிகள். விமானத்தை வீழ்த்தப் பிறந்த அவற்றில் பலவற்றை, விமானப்படை குண்டு போட்டுப் பழகுவதற்கு இலக்காக நிறுத்திவிட்டார்கள்.