கூடுதல் நேரம் யாருக்கு அநியாயம்?

கேள்வி: வேலைத் தேர்வில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல் நேரம் கொடுப்பது மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

பதில்: தேர்வு வைப்பது அறிவை அளக்கவா, விரல் வேகத்தை அளக்கவா? பேனா பிடித்தாலே விரல் இழுத்துக்கொள்ளும் ஒருவர், குடிமைப்பணித் தேர்வில் தான் சொல்வதை எழுத ஆள் கேட்டார். தேர்வாணையம் மறுத்தது. பாதிப்பு 40 சதவீதத்தை எட்டாவிட்டாலும் அந்த உதவி அவர் உரிமை என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தேர்வில் விதியாவது இருக்கிறது. தனியார் நேர்காணல்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கணக்காளர் வேலைக்கு வரும் ஆட்டிசம் உள்ள இளைஞரை, முகம் பார்த்துப் பேசவில்லை என்று கழித்துவிடுகிறார்கள். பேரேட்டுக்கு ஏது முகம்? கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதக் கணக்கைக் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிழையை அவர் பிடித்துவிட்டால், வேலையைக் கொடுங்கள்.