பிரதி வேறு, காப்பு வேறு

கேள்வி: எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைக் கிளவுட் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றி, ரெப்ளிகேஷன் கருவியையும் இணைத்துவிட்டோம். இனிப் பயமில்லைத்தானே?

பதில்: பாதிப் பயம் போய்விட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. யாழ்ப்பாணத்தின் வரலாறு கூறும் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யை இன்றும் வாசிக்கிறோமே, அது முன்னரே அச்சேறிப் பல கைகளுக்குப் போயிருந்ததால். ஆகவே இரண்டாம் பிரதி கட்டாயம் வேண்டும். ஆனால் ரெப்ளிகேஷன் கருவி, சொன்னதைத் தட்டாத பிள்ளை: மூலத்தில் ஒரு வரியை அழித்தால், மாற்றப் பதிவைப் பார்த்துக் களஞ்சியத்திலும் அழித்துவிடும். களஞ்சியம் பழைய நிலையை மீட்டுத் தருமே என்பீர்கள். தரும், ஆனால் ஸ்னோஃப்ளேக் என்ற களஞ்சியத்தில் அதற்கான அவகாசம் வழமையாக ஒரு நாள், விலை கூடிய பதிப்பில் 90 நாள் வரை. பிழை வருடாந்தப் பொதுக்கூட்டத்தில்தான் தெரியவந்தால்? மாதமொரு தனிப் பிரதி எடுத்து, அந்தக் கருவிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.