சிவப்பெழுத்துத் தம்பி

பென்னாகரமோ அரூரோ, தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பொறியியல் முடித்துவிட்டு, பெங்களூரு அழைப்பு வரும்வரை யூடியூபில் ஹெச்டிஎம்எல் கற்பவர். ‘ரிக்கொயர்ட்’ என்று ஒரு சொல் சேர்த்தால் அந்தப் பெட்டியை நிரப்பாமல் யாரும் நகர முடியாது என்று தெரிந்த அன்றே தம்பிக்குத் தாசில்தார் தோரணை வந்துவிடும். எல்லாப் பெட்டிக்கும் அதையே போடுவார்.

முதலில் மாட்டுவது மாமா. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பார். லோடு கொண்டுவருபவர்கள் போனிலேயே பதிவு செய்ய ஒரு படிவம்.

“பாருங்க மாமா, ரெஸ்பான்சிவ்!” லேப்டாப்பில் ஜன்னல் ஓரத்தைப் பிடித்து இழுப்பார், படிவமும் பணிவாக ஒடுங்கும். மாமாவின் போனில் எழுத்து எறும்பு அளவில் தெரியும். ‘வியூபோர்ட்’ வரி ஒன்று விட்டுப்போயிருக்கும். அது இல்லையென்றால் போன் பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் அகலமாக எடுத்துக்கொண்டு, அத்தனையையும் உள்ளங்கைக்குள் சுருக்கிவிடும். தம்பி அசர மாட்டார். “கேஷ் கிளியர் பண்ணுங்க மாமா.” எந்த நோய்க்கும் அவரிடம் இந்த ஒரே கஷாயம்தான்.

அடுத்து, ‘கடைசிப் பெயர்’. குறைந்தது 3 எழுத்து வேண்டுமாம். மாமா ‘மு’ என்று போட்டதும் சிவப்பெழுத்தில் ‘தவறான பெயர்’ என்று வந்து நிற்கும்.

“எங்கப்பன் பேரு தப்புங்குதா உன் மெஷினு?”

“மாமா, அது இனிஷியல்...”

“அவரு இருந்திருந்தா உன்னைத் தோலை உரிச்சிருப்பாரு.”

தகடூர் அதியமானே மதித்த ஔவைக்கும் இந்தப் படிவத்தில் இடமில்லை. கடைசிப் பெயர் கிடையாதே.

பெயர்ப் பெட்டியில் ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்ற விதியைத் தம்பி பிறகு தமிழுக்கு மாற்றினார். ‘எழுத்து மட்டும்’ என்று எழுதியதோடு சரி. யூனிகோடில் புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் எழுத்து வகையில் சேராது, குறி வகை. அதையும் தனியாக அனுமதிக்க வேண்டும். முருகன் போனார், மாதம்மாள் போனாள். தேறியது ‘ரகப’ என்று சோதனைக்குத் தட்டியது ஒன்றுதான்.

பின்கோடு 636-இல்தான் தொடங்க வேண்டும் என்றும் ஒரு கட்டளை. கிருஷ்ணகிரி லோடு 635 என்று வந்து வாசலிலேயே நின்றது. மாவட்டம் பிரிந்தது 2004-இல்; தக்காளிக்கு அது தெரியாது.

இத்தனை காவலும் பிரவுசரில் மட்டும்தான். சர்வரிலும் சோதிக்க வேண்டும் என்பது அடுத்த வீடியோவில் வருகிறது.

பெயர்ச் சண்டை ஒருவழியாய்த் தீர்ந்து, பதிவுகள் வரத் தொடங்கின. தம்பி பெருமையோடு பட்டியலைத் திறந்தால், எல்லா விவசாயிக்கும் ஒரே ஈமெயில். அவருடையது!

“மெயில் இல்லாதவங்களுக்கெல்லாம் உன்னுதைப் போட்டுட்டேன் மாப்ள. உடனே பச்சை காட்டுது.”

தம்பி பதில் பேசவில்லை. ஒரே ஈமெயில் இரண்டாம் முறை வந்தால் தடுக்க விதி எழுத உட்கார்ந்துவிட்டார்.